பன்றிப் பண்ணைக் கழிவுநீர்த் தொட்டியில் ஜியோலைட் போட்டால் வேலைக்கு ஆகுமா?

பாகூர்_பண்ணை

எல்லோருக்கும் வணக்கம். பாகூர் கொம்யூனில் வயலை ஒட்டி சின்னதாக ஒரு பண்ணை வைத்திருக்கிறேன். வெண்பன்றி 60 உருப்படி, கறவை மாடு 6. கொட்டகை கழுவுகிற தண்ணீர், மூத்திரம், பன்றி தண்ணீர் குடிக்கும் நிப்பிளில் இருந்து சிந்துவது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 2000 லிட்டர் வரும். இப்போது ஒரே ஒரு தொட்டிதான், அதில் போய் நின்று, வழிந்து, பின்னால் இருக்கும் குட்டைக்குப் போகிறது. கோடையில் எப்படியோ சமாளித்துவிடலாம், ஐப்பசி மழை பிடித்துவிட்டால் குட்டை நிரம்பி வாய்க்காலில் இறங்குகிறது, பக்கத்து வயல்காரர் சண்டைக்கு வருகிறார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, இந்தத் தண்ணீர் பாய்ந்த இடத்தில் நெல் கரும்பச்சையாக வளர்ந்து மடமடவென்று சாய்ந்துவிடுகிறது.

மூடிய தொட்டி கட்டி அதற்குள் கனிமக் கல் நிரப்பினால் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அதில் ஒட்டிக்கொண்டு கழிவைச் சீக்கிரம் செரிக்கும், வாடை குறையும், எரிவாயுவும் வரும் என்று படித்தேன். ஜியோலைட், செபியோலைட், பென்டோனைட் என்று ஏதேதோ பெயர் போட்டிருந்தது. அதில் ஜியோலைட் ஒன்றுதான் எனக்குத் தெரிந்த பெயர், கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கம் இறால் குட்டைக்குப் போடுவார்கள். கடலூரில் ஒரு கடையில் விசாரித்தேன். 25 கிலோ மூட்டை, வாரத்துக்கு ஒரு மூட்டை தொட்டியில் தூவினால் போதும், அமோனியா இழுத்துக்கொள்ளும், நாற்றம் நின்றுவிடும் என்றார் கடைக்காரர்.

இதை நம்பிச் செலவு செய்யலாமா? எந்தக் கல், எவ்வளவு? தொட்டி என்ன அளவு? சேறு அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கம்பெனி விளம்பரம் போடுகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

கிள்ளை_இறால்

அண்ணே, நான் வன்னாமி இறால் விடுகிறவன், ஜியோலைட் மூட்டை நிறையத் தூக்கியிருக்கிறேன், அதனால் கடைக்காரர் சொன்ன கணக்கை மட்டும் பார்த்துவிடுவோம்.

ஜியோலைட் அமோனியாவைப் பிடிக்கும் என்பது உண்மை. அந்தக் கல்லின் உள்ளே நுண்ணிய ஓட்டைகள், அதில் சோடியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் உட்கார்ந்திருக்கும், அமோனியம் வந்தால் அதை உள்ளே விட்டு இவற்றை வெளியே தள்ளும். ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறதே. நல்ல சரக்கு என்றாலும் கழிவுநீரில் ஒரு கிலோ ஜியோலைட் சுமார் 10 கிராம் அமோனியா நைட்ரஜன் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கழுவு தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராம் இருந்தால் (பன்றிக்கு அது ஒன்றும் அதிகமில்லை) 2000 லிட்டருக்கு ஒரு நாளைக்கு 2 கிலோ. அதை முழுதாகப் பிடிக்க 200 கிலோ கல் வேண்டும். அதாவது தினமும் 8 மூட்டை! வாரத்துக்கு ஒரு மூட்டை போட்டு நாற்றம் நின்றால் அது மூட்டையின் மகிமை இல்லை, காற்று திசை மாறியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் குட்டையில் உப்புத் தண்ணீர், சோடியம் மிதமிஞ்சி இருப்பதால் அமோனியத்துக்கு இடமே கிடைப்பதில்லை, அதனால் இறாலுக்கு இது பெரிதாக உதவாது என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள், இருந்தும் பழக்கத்தில் எல்லோரும் போடுகிறோம். உங்களுடையது நல்ல தண்ணீர் என்றால் அந்த வகையில் உங்களுக்குக் கொஞ்சம் பரவாயில்லை. கடற்கரை ஓரத்து போர் தண்ணீரில் கொட்டகை கழுவுகிறீர்கள் என்றால் உங்கள் கதையும் எங்கள் கதைதான்.

வாங்குவதாக இருந்தால் மாவு வாங்காதீர்கள், குருணை வாங்குங்கள். மூட்டையில் ஜியோலைட் என்று அச்சடித்திருப்பதை மட்டும் பார்க்காதீர்கள், சிஇசி (அயனியை மாற்றிப் பிடிக்கும் திறன்) எவ்வளவு என்று சோதனைச் சீட்டு கேளுங்கள். சீட்டு இல்லை என்றால் அது எந்த மலைத் தூள் என்று யாருக்குத் தெரியும்.

ஆய்வுக்கூட_அக்கா

இறால் தம்பி போட்ட கணக்கு சரி, ஆனால் அதைப் படித்துவிட்டு ஜியோலைட்டே வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இங்கே இரண்டு வேலைகளைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். அமோனியாவை வடிகட்டி எடுப்பது ஒரு வேலை. நுண்ணுயிர்களைத் தொட்டியை விட்டுப் போகாமல் பிடித்து வைப்பது இன்னொரு வேலை. கனிமத் தாங்கி என்று நீங்கள் படித்தது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றி.

காற்றில்லாச் செரிமானத்தில் கடைசியாக மீத்தேனை உண்டாக்குகிற நுண்ணுயிர்கள் மகா மெதுவாகப் பெருகும். ஒரு முறை இரட்டிப்பதற்குள் நாள்கணக்கு ஆகிவிடும். உங்கள் தொட்டியிலோ தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் வெளியே போய்விடுகிறது, அவையும் கூடவே போய்விடுகின்றன. மிச்சம் இருப்பது வேகமாகப் பெருகும் அமிலம் உண்டாக்கிகள் மட்டும், அதனால்தான் அந்தப் புளித்த நாற்றம். 1969ல் அமெரிக்காவில் யங், மெக்கார்ட்டி இருவரும் கல் நிரப்பிய தொட்டியில் கழிவுநீரைக் கீழிருந்து மேலே செலுத்திக் காட்டினார்கள். தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், நுண்ணுயிர் கல்லிலும் கல்லிடுக்கிலும் தங்கிவிடும். தண்ணீர் தங்கும் நேரம் குறைவாக இருந்தாலும் செரிமானம் நடப்பது இதனால்தான். அப்போது அவர்கள் வைத்தது வெறும் கல்தான், விசேஷமான கனிமம் எதுவும் இல்லை.

பிறகுதான் கனிமம் கனிமமாக மாற்றிப் பார்த்தார்கள். பன்றிக் கழிவில் இந்த ஆர்வம் அதிகம், ஏனென்றால் அதில் அமோனியா அதிகம், அது மீத்தேன் உண்டாக்கிகளையே முடக்கும். மொத்த அமோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 1500 மில்லி கிராமைத் தாண்டி, பிஎச்சும் (அமில-காரத் தன்மையின் அளவு, 7 நடுநிலை) 7.4க்கு மேல் போனால் தொல்லை ஆரம்பம், 3000ஐத் தாண்டினால் பிஎச் எதுவானாலும் கஷ்டம் என்பது பழைய கணக்கு. விஷம் அமோனியம் அயனி இல்லை, கரைந்த அமோனியா வாயு. 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட அது இருக்காது, பிஎச் 8 ஆனால் 7 சதவீதத்துக்கு மேல் போய்விடும். நம் ஊர் வெயில் செரிமானத்துக்கு நல்லது, சூடேற்றும் செலவு கிடையாது, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் வெப்பம் நமக்கு எதிரி.

ஜியோலைட் இங்கேதான் உதவும். லிட்டருக்கு சில கிராம் அளவில் சேர்த்தபோது பன்றிக் கழிவில் மீத்தேன் கூடியதாக ஆய்வுகள் இருக்கின்றன. முழு அமோனியாவையும் அது எடுப்பதில்லை, கல்லைச் சுற்றி நுண்ணுயிர் ஒட்டியிருக்கும் இடத்தில் கொஞ்சம் குறைக்கிறது, ஒட்டிக்கொள்ள சொரசொரப்பான இடமும் தருகிறது. அளவு கூடினால் பலன் கூடும் என்பதும் இல்லை, ஓர் அளவுக்கு மேல் போட்டபோது வேகம் குறைந்ததையும் பார்த்திருக்கிறார்கள்.

செபியோலைட் மக்னீசியம் நிறைந்த நார்க் களிமண், ஸ்பெயினில் நிறையத் தோண்டுகிறார்கள், நமக்கு அதைத் தேடி அலைவது வீண். அதில் உள்ள மக்னீசியம் அமோனியாவோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து ஸ்ட்ருவைட் என்ற வெள்ளைப் படிகமாகக் கீழே படியும். உரமாக அருமையானது, குழாய்க்குள் படிந்தால் மட்டும் உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். பென்டோனைட் பக்கமே போகாதீர்கள், அது தண்ணீரில் உப்பிச் சேறாகிவிடும், குட்டையின் அடியில் கசிவு அடைக்கத்தான் அது லாயக்கு.

ஆகவே என் கருத்து: தொட்டியை நிரப்புவதற்கு உள்ளூரில் மலிவாகக் கிடைக்கும் பொத்தலான கல், அதன் மேல்பகுதியில் வேண்டுமானால் கொஞ்சம் ஜியோலைட் குருணை, சாக்குவலையில் கட்டி. வெறும் குருணையாகக் கொட்டினால் இடுக்கெல்லாம் இறங்கி அடைத்துவிடும்.

இதெல்லாம் சாணியைத் தனியாகப் பிரித்த பிறகுதான். பிரிக்காமல் அப்படியே விட்டால் எந்தக் கனிமமும் ஒரு பருவம்கூடத் தாங்காது.

வில்லியனூர்_வாசி

எதற்கு இவ்வளவு சுற்று வழி? தீனபந்து மாடல் சாண எரிவாயுக் கலன் 1984ல் இருந்து நாடு முழுக்க ஓடுகிறது. கல்லும் வேண்டாம் கனிமமும் வேண்டாம். எங்கள் வீட்டில் மாட்டுச் சாணத்தில் ஓடுகிறது, காலை டிபனுக்கு கேஸ் வாங்கியதே இல்லை. இவரும் அதையே பெரிதாகக் கட்டிவிட்டுப் போகலாமே. ஆய்வுக்கூடத்தில் ஜாடிக்குள் ஓடுகிறதெல்லாம் கொட்டகையில் ஓடாது.

ஆய்வுக்கூட_அக்கா

உங்கள் வீட்டில் சாணத்தைச் சம அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறீர்கள். அது கெட்டியான சரக்கு. இவரிடம் இருப்பது கழுவு தண்ணீர், பெரும்பகுதி வெறும் தண்ணீர். தீனபந்துவில் சரக்கு நம் ஊர் வெப்பத்துக்கு 30 நாள் தங்க வேண்டும் என்று வைத்துத்தான் கட்டுகிறார்கள். 2000 லிட்டரை 30 நாள் வைத்திருக்க 60,000 லிட்டர் கலன் வேண்டும். கட்ட இடம் இருக்கிறதா, கட்டினாலும் அந்த நீர்த்த சரக்குக்கு வருகிற வாயு கலனின் வட்டிக்குக் காணுமா? கல் தொட்டியில் அதே தண்ணீருக்கு 2, 3 நாள் போதும்.

ஆனால் நீங்கள் சொன்னதில் பாதியை எடுத்துக்கொள்ளலாம். வாரி எடுக்கிற சாணம், கல் தொட்டிக்கு முன்னால் வைக்கிற படிவுத் தொட்டியில் தேங்குகிற சேறு இரண்டும் சின்ன தீனபந்துவுக்குப் போகட்டும். மேலே தெளிந்து வரும் தண்ணீர் கல் தொட்டிக்குப் போகட்டும். மாட்டுச் சாணமும் சேர்ந்தால் இன்னும் நல்லது, பன்றிக் கழிவில் நைட்ரஜன் மிஞ்சிக் கிடக்கிறது, மாட்டுச் சாணத்தில் நார் இருக்கிறது.

பாகூர் தம்பி, முதலில் ஒன்று செய்யுங்கள். ஹோஸ் பைப்பை எடுப்பதற்கு முன்னால் மண்வெட்டியை எடுங்கள். காய்ந்ததாக இருக்கும்போதே வாரிவிட்டு அப்புறம் கழுவினால் தண்ணீரும் பாதியாகும், தொட்டியும் பாதியாகும். காசு கேட்காத சுத்திகரிப்பு இது ஒன்றுதான்.

மேஸ்திரி_நெல்லிக்குப்பம்

நான் கொத்தனார் வேலை பார்க்கிறவன், இந்த மாதிரி கல் தொட்டி சிலது கட்டியிருக்கிறேன், பால் பண்ணைக்கும் கட்டியிருக்கிறேன். கட்டுமான விஷயம் மட்டும் சொல்கிறேன்.

கருங்கல் ஜல்லி போடாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அது வழவழப்பு, கனம், விலையும் ஜாஸ்தி. செங்கல் உடைத்த ஜல்லி எடுங்கள். பண்ருட்டி நெல்லிக்குப்பம் பக்கம் சூளைகளில் அதிகம் வெந்து கோணலாகிப் போன கல் கிடக்கும், வீடு கட்ட யாரும் வாங்க மாட்டார்கள், அதுதான் நமக்குச் சரியான கல். வேகாத கல் வேண்டவே வேண்டாம், உள்ளே போய்க் கரைந்து களிமண்ணாகி அடியில் உட்கார்ந்துவிடும். சோதிக்க ஒரு வழி: நாலு துண்டை வாளித் தண்ணீரில் ராத்திரி முழுக்கப் போட்டு வையுங்கள், காலையில் தண்ணீர் சிவந்திருந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். நகத்தால் சுரண்டினால் மாவாகக் கொட்டக் கூடாது. இரண்டு கல்லை மோதினால் கணீர் என்று சத்தம் வரவேண்டும்.

அளவு ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒன்றரை அங்குலத்தில் இருந்து இரண்டரை அங்குலம். பொடியைச் சல்லடையில் சலித்துத் தள்ளிவிட்டு, கழுவிப் போட வேண்டும். அடியில் ஒரு அடிக்குப் பெரிய கல், அதற்கு மேல் இந்த ஜல்லி. கல் நேராகத் தரையில் உட்காரக் கூடாது, துளை போட்ட கான்கிரீட் பலகையைத் தரையில் இருந்து தூக்கி வைத்து அதன்மேல் கொட்ட வேண்டும். அந்தப் பலகைக்கு அடியில் தான் சேறு தேங்கும், அதை உறிஞ்சி எடுக்க ஆறு அங்குலக் குழாய் ஒன்று மேலிருந்து அடிவரை நிறுத்திவிடுங்கள். பல பேர் இந்தக் குழாயை மிச்சம் பிடித்துவிட்டு அப்புறம் கல்லை எல்லாம் வெளியே எடுத்துக் கழுவுகிறார்கள்.

அளவுக் கணக்கு: நீளம் 10 அடி, அகலம் 6 அடி, தண்ணீர் ஆழம் 6 அடி. 360 கன அடி, பத்தாயிரம் லிட்டர் சொச்சம். ஆனால் பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் நிற்காது, கல் இடத்தை அடைக்கும். 4 அடி உயரம் கல் போட்டால் அந்த 240 கன அடியில் நூற்றுக்கு 40 பங்குதான் இடுக்கு. அது 2700 லிட்டர். கல்லுக்கு மேலும் கீழுமாக 2 அடி வெற்றிடம், அது 3400 லிட்டர். ஆக 6000 லிட்டர், உங்கள் 2000 லிட்டருக்கு 3 நாள். நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டு அறையாகப் பிரியுங்கள், முதல் அறை அடைத்துக்கொண்டாலும் இரண்டாவது ஓடும்.

பாகூர் என்கிறீர்கள், ஏரித் தண்ணீர் பாய்கிற பூமி, மழைக் காலத்தில் நிலத்தடி நீர் கைக்கு எட்டும் உயரத்தில் நிற்கும். சேறு எடுக்கிறேன் என்று அடைமழையில் தொட்டியைக் காலி செய்தால் தொட்டியே மேலே தூக்கிக்கொண்டு வரும், சுவர் வெடிக்கும். தரைக்குமேல் இரண்டு அடியாவது தூக்கிக் கட்டுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்ததே, அந்த உயரத்தை மனதில் வைத்து மூடி மட்டத்தை முடிவு செய்யுங்கள்.

பாகூர்_பண்ணை

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. தண்ணீர் போர் தண்ணீர்தான், உப்பு இல்லை. இன்னும் சில சந்தேகம்.

நெய்வேலி சாம்பல் ஒரு லாரி சும்மா கிடைக்கும் என்று ஒருத்தர் சொல்கிறார், அதுவும் கனிமம்தானே, போடலாமா? கடற்கரையில் கிளிஞ்சல் கிடக்கிறது, அதைப் போடலாம் என்று இன்னொருவர். நாற்றங்கால் தட்டில் போடுகிற வெர்மிகுலைட் என்னிடம் கொஞ்சம் மீதி இருக்கிறது. அப்புறம், தொட்டி ஆரம்பிப்பது எப்படி, கடையில் ஏதோ பாக்டீரியா பவுடர் விற்கிறார்கள்.

கேஸ் எவ்வளவு வரும் என்று யாராவது சொன்னால் வீட்டில் பேசுவதற்கு எனக்கு வசதியாக இருக்கும்!

ஆய்வுக்கூட_அக்கா

சாம்பல் வேண்டாம். நெய்வேலிச் சாம்பல் பழுப்பு நிலக்கரிச் சாம்பல், அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், ஈரம் பட்டால் தானாகவே இறுகும். தொட்டிக்குள் போட்டால் பிஎச்சும் ஏறும், அடியும் கல்லாகிவிடும். பிஎச் ஏறினால் அமோனியா என்ன செய்யும் என்று மேலே சொல்லியிருக்கிறேன். அதை செங்கல்லாக அடித்து தொட்டிச் சுவர் கட்டுங்கள், பிரயோசனம்.

கிளிஞ்சல் சுண்ணாம்புச் சத்து, அமிலம் கூடுகிற கழிவுக்கு நல்ல மருந்து. பால் பதனிடும் கழிவு, கரும்பாலைக் கழிவு மாதிரி சீக்கிரம் புளிக்கிறவற்றுக்குத் தேவைப்படும். பன்றிக் கழிவு ஏற்கெனவே காரம், உங்களுக்கு அது வேண்டியதில்லை. பொரித்த வெர்மிகுலைட் தண்ணீரில் மிதக்கும், போகப்போக நசுங்கும், அதை நாற்றுக்கே வைத்துக்கொள்ளுங்கள். திருப்பத்தூர் பக்கம் சேவாத்தூரில் தோண்டி வருகிற சரக்கு, அதற்கென்று வேலை இருக்கிறது.

பாக்டீரியா பவுடர் வாங்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் சாண எரிவாயுக் கலனில் இருந்து வெளிவரும் கரைசலை இரண்டு மூன்று டிரம் கொண்டுவந்து ஊற்றுங்கள், பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். வில்லியனூர்க்காரர் கோபம் தீர்ந்திருந்தால் அவரே கொடுப்பார். ஊற்றிவிட்டு ஒரு வாரம் எதுவும் விடாமல் வையுங்கள். பிறகு தினமும் வருகிற தண்ணீரில் கால் பங்கு மட்டும் உள்ளே விடுங்கள், மீதியை இப்போதைய குட்டைக்கே அனுப்புங்கள். பிஎச் தாள் வாங்கி வாரம் இருமுறை பாருங்கள், 6.8க்கும் 7.6க்கும் நடுவில் நின்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், 6.5க்குக் கீழே இறங்கினால் கூட்டுவதை நிறுத்துங்கள். கல்லில் படலம் பிடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அவசரப்பட்டால் மறுபடி முதலில் இருந்து.

பிடித்துவிட்டதா என்று பார்க்க, கல்லுக்கு நடுவில் ஒரு வலைப்பையில் பத்துப் பதினைந்து ஜல்லியைக் கட்டி நைலான் கயிற்றில் தொங்கவிட்டு வைத்திருங்கள், கயிற்று முனை மூடிக்கு வெளியே இருக்கட்டும். நான் ஒரு பண்ணையில் அப்படி இழுத்துப் பார்த்தபோது செங்கல் துண்டின் சிவப்பே தெரியவில்லை, பொத்தலுக்குள் எல்லாம் கருப்புப் பிசுக்கு, விரலால் தேய்த்தால் வழுக்குகிறது, உடைத்துப் பார்த்தால் உள்ளே நெல் மணி ஆழத்துக்குக் கருப்பு இறங்கியிருக்கிறது. வெளியே காற்றில் வைத்த கொஞ்ச நேரத்தில் அந்தக் கருப்பு வெளுக்க ஆரம்பித்தது. அது இரும்பு சல்பைடு. செங்கல்லில் இருக்கும் இரும்பு கந்தக வாடையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் தொங்கிய கருங்கல் துண்டிலும் படலம் இருந்தது, தண்ணீரில் ஒரு முறை அலசியதும் பாதி போய்விட்டது.

கேஸ் கணக்கு: சாணம் வாரிய பிறகு தண்ணீரில் சிஓடி (கரிமக் கழிவை முழுதாகச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 6 கிராம் என்று வைத்தால் நாளைக்கு 12 கிலோ. அதில் 70 சதவீதம் செரித்தால் 8.4 கிலோ. ஒரு கிலோ சிஓடிக்கு அதிகபட்சம் 0.35 கன மீட்டர் மீத்தேன், ஆக 3 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எரிவாயுவாகச் சுமார் 5 கன மீட்டர். ஏட்டுக் கணக்குப்படி தினம் 2 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். இது உச்சம். வீட்டில் பேசும்போது இதில் பாதியைச் சொல்லுங்கள், பின்னால் திட்டு வாங்க வேண்டியிருக்காது.

திருக்கனூர்_கால்நடை

ஒருவரும் சொல்லாமல் விட்ட ஒன்று. கொட்டகையில் பினாயில், பிளீச்சிங் பவுடர், காஸ்டிக் சோடா போட்டுக் கழுவுகிற தண்ணீர் இந்தத் தொட்டிக்குள் போகவே கூடாது. கிருமியைக் கொல்லத்தானே அதை ஊற்றுகிறீர்கள், உள்ளே இருப்பதும் கிருமிதானே. குட்டி போட்ட அறையைக் கிருமி நீக்கம் செய்கிற நாள், பால் கறவை இயந்திரம் கழுவுகிற தண்ணீர், இதற்கெல்லாம் தொட்டிக்கு முன்னால் ஒரு மாற்று வால்வு வையுங்கள். பண்ணையில் நோய் வந்து எல்லாப் பன்றிக்கும் ஆன்டிபயாடிக் கொடுக்கிற சமயத்திலும் அளவைக் குறைத்து விடுவது நல்லது. தொட்டி திடீரென்று செத்துப்போய்விட்டது என்று சொல்கிறவர்களிடம் முந்தின வாரம் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் பிளீச்சிங் பவுடரில் வந்து நிற்பார்கள்.

இன்னொன்று, இது விளையாட்டு இல்லை. தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது, காலி செய்த தொட்டியாக இருந்தாலும் சரி. உள்ளே உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற கந்தக விஷவாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும், அதிகமானால் மூக்கு மரத்து வாடையே தெரியாது, வாடை போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர்தான் விழுகிறார், அவரைத் தூக்க இறங்குகிற அடுத்தவரும் விழுகிறார். மேஸ்திரி சொன்ன அந்த உறிஞ்சு குழாய் இதற்காகவே வேண்டும்.

மேஸ்திரி_நெல்லிக்குப்பம்

கால்நடை சார் சொன்னதுக்கு ஆயிரம் லைக். மூடியில் பூட்டு போடுங்கள், பிள்ளைகள் இருக்கிற இடம்.

கேஸ் அடுப்புக்குப் போகிற குழாயில் இரும்புச் சிராய் அடைத்த ஒரு டப்பாவை இடையில் வையுங்கள், லேத் பட்டறையில் சும்மா கொடுப்பார்கள், கொஞ்சம் துருப் பிடிக்கவிட்டு அடைக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கந்தக வாயு பர்னரை ஒரு வருஷத்தில் அரித்துவிடும்.

வில்லியனூர்_வாசி

கோபமெல்லாம் இல்லை அக்கா, கரைசல் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், டிரம் மட்டும் அவர் கொண்டுவரட்டும். 60,000 லிட்டர் கணக்கு நான் போட்டுப் பார்க்கவில்லை, அந்தப் பாயிண்ட் சரி.

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. தொட்டியை விட்டு வெளியே வருகிற தண்ணீர் எங்கே போகும்? பக்கத்து வயல்காரர் சண்டை அதோடு தீருமா? எனக்கு அதுதான் சந்தேகம்.

ஆய்வுக்கூட_அக்கா

தீராது, நல்ல கேள்வி. காற்றில்லாத் தொட்டி கரிமச் சத்தைத்தான் குறைக்கும், நைட்ரஜன் அப்படியே அமோனியாவாக வெளியே வரும், பாஸ்பரசும் பெரும்பகுதி வரும். நெல் சாய்வது நைட்ரஜனால். பிஓடியும் (நுண்ணுயிர் கழிவைச் சிதைக்க எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) முழுதாக இறங்காது. லிட்டருக்கு 3000 மில்லி கிராமில் 80 சதவீதம் போனாலும் 600 மிச்சம். ஆற்றிலோ வாய்க்காலிலோ விடுவதற்கு 30, பாசன நிலத்தில் விடுவதற்கு 100 என்பது மத்திய அரசின் பொது வரம்பு. எனவே இன்னும் ஒரு படி தேவை: ஜல்லி படுக்கையில் கோரை, கல்வாழை நட்டு அதன் வழியே விட்டு, பிறகு ஒரு திறந்த குட்டை. மனிதக் கழிவுநீருக்கு இந்த முறை நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை வளாகத்தில் படிவுத் தொட்டி, உள்ளே தடுப்புச் சுவர் வைத்த தொட்டி, செடிப் படுக்கை, குட்டை என்று வரிசையாக இருக்கிறது. உங்களுக்குப் பக்கம்தான். பன்றித் தண்ணீர் அதைவிடப் பல மடங்கு கனம், அதனால் அளவை அங்கிருந்து அப்படியே எடுக்கக் கூடாது, வரிசையை மட்டும் பாருங்கள்.

அதற்குப் பிறகு கோ-5 தீவனப் புல். நைட்ரஜனை அதைவிட ஆவலாகச் சாப்பிடுகிற பயிர் கிடையாது, உங்கள் ஆறு மாட்டுக்கும் ஆகும். மழைக் காலத்தில் பாய்ச்ச முடியாது, அதற்காகக் குட்டையில் கொள்ளளவு வைத்துக்கொள்ளுங்கள், கூரைத் தண்ணீர் குட்டைக்குள் விழாமல் தனியாகத் திருப்பிவிடுங்கள். உங்கள் ஐப்பசி வழிசலில் பாதி கூரைத் தண்ணீராகத்தான் இருக்கும். கீரை, வெள்ளரி மாதிரி பச்சையாகச் சாப்பிடுவதற்குப் பாய்ச்ச வேண்டாம், நம் ஊர் வெப்பத்துக்கு இந்தத் தொட்டியில் குடற்புழு முட்டை சாகாது.

ஜியோலைட்டுக்கும் இங்கே ஒரு இடம் இருக்கிறது. செடிப் படுக்கைக்குப் பிறகு தண்ணீர் தெளிவாக வரும், சேறு இருக்காது, அப்போது குருணைப் படுக்கை வழியே விட்டால் மிச்ச அமோனியாவில் கொஞ்சம் பிடிக்கும். நிரம்பிய கல்லை உப்புக் கரைசலில் அலசி மீண்டும் பயன்படுத்தலாம் என்பார்கள், அந்த உப்புத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்பது அடுத்த தலைவலி. அலசாமல் அப்படியே தென்னை மூட்டில் போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, அமோனியம் மெதுவாக வெளியே வரும்.

கிள்ளை_இறால்

அப்படியென்றால் ஒரு மூட்டை போதும் அண்ணே, கடைக்காரரிடம் குருணை சாம்பிள் கேட்டு வாங்குங்கள். சூளைக் கல் லோடு எடுக்கும்போது சொல்லுங்கள், இங்கே பக்கத்தில் ஒருத்தர் மாட்டுப் பண்ணைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார், சேர்ந்து எடுத்தால் வண்டி வாடகை பாதி.

பாகூர்_பண்ணை

சரி. முதலில் வாரிவிட்டுக் கழுவுவது நாளையில் இருந்தே. கூரைத் தண்ணீரைத் திருப்ப தகரத் தூம்பு அளவெடுத்துவிட்டேன். மேஸ்திரி அண்ணே, இரண்டு அறைக்கும் நடுவில் வருகிற சுவரில் தண்ணீர் போகிற வழி மேலே வைக்க வேண்டுமா, அடியில் வைக்க வேண்டுமா?

மேஸ்திரி_நெல்லிக்குப்பம்

முதல் அறையின் மேல்மட்டத்தில் இருந்து நாலு அங்குலக் குழாய் எடுத்து, இரண்டாவது அறையின் அடிவரை இறக்குங்கள். இரண்டு அறையிலும் தண்ணீர் கீழிருந்துதான் ஏற வேண்டும். குழாய் வாயில் டி (T) வடிவ இணைப்பு போட்டு மேல்முனையை மூடியால் அடைத்து வையுங்கள், அடைப்பு வந்தால் அதைத் திறந்து மூங்கில் கழி விடலாம்.